மேட்டுக் கால்களும் மேட்டுப்பாளையம் ரோடும்

குன்னூரில் ஒரு மன்றத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் இருபத்தாறு வருடம் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். ரிட்டயராகி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் சிலர், "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்கிறார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள நாலைந்து கதை இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு நான் அசடு வழிந்த கதையை எழுதுகிறேன். உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

1. "நடக்கச் சொல்லிக் குடுங்க"

தவமணி எங்கள் ஜிம்முக்கு முதன்முதலாக வந்த அன்று நல்ல பனி. ஜனவரி மாதம் காலை ஏழு மணிக்குக் குன்னூரில் ஜிம்முக்கு வருகிறவர்கள் இரண்டே வகை. டாக்டர் பயமுறுத்தி அனுப்பியவர்கள், இல்லையென்றால் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவர்கள். இவள் இரண்டிலும் சேரவில்லை. சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற ஸ்வெட்டர், தலையில் கட்டிய துண்டு, காலில் பிளாஸ்டிக் ஷூ. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற பெண் வழி தவறி வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மேனேஜர் ரங்கசாமி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மலைக்குக் கீழே இருக்கிற காரமடைக்காரர். ஸ்டோர் கீப்பராக இருந்து மேனேஜர் ஆனவர். உடற்பயிற்சியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. டிரெட்மில்லை 'நகர்ற கட்டில்' என்பார். ஆனால் யாரையும் வாசலில் நிற்க வைத்துப் பேச மாட்டார்.

"வாங்கம்மிணி, உக்காருங்க. மெம்பரா சேரணுங்களா?"

"இல்லீங்க சார். எனக்கு நடக்கச் சொல்லிக் குடுக்கணும். இங்க ஒரு மிஸ் இருக்காங்கன்னு சொன்னாங்க."

நான் சிரித்துவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "எஸ்டேட்லதானே வேலை செய்யறே? தெனம் மலை ஏறி எறங்கறே. உனக்கு நான் நடக்கச் சொல்லித் தரணுமா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. துணிப்பையிலிருந்து மடித்து மடித்துத் தேய்ந்துபோன ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். ஃபாரஸ்ட் கார்டு வேலைக்கான ஹால் டிக்கெட். போன முறைக்கானது.

"எழுத்துப் பரீட்சையில போன தடவை பாஸுங்க மிஸ். நடைப் பரீட்சையிலதான் போச்சு. பதினாறு கிலோமீட்டரை நாலு மணி நேரத்துல நடக்கணும். பன்னெண்டாவது கிலோமீட்டர்ல விழுந்துட்டேன். இந்தத் தடவையும் எழுதிப் பாஸாயிட்டேன். ஏப்ரல்ல நடை இருக்கும்கிறாங்க. வயசு வரம்பு இதோட முடியுது. இனி எழுத ஏலாது."

'ஏலாது' என்ற சொல்லைக் கேட்டதும் அவள் வீட்டார் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் என்று புரிந்தது. கட்டபெட்டு தாண்டி ஓர் எஸ்டேட்டில் டெம்பரரியாகக் கொழுந்து எடுக்கிறாள். அங்கே நிரந்தரத் தொழிலாளியாக இருந்த கணவர் இறந்து மூன்று வருடம். அவர் பேரில் எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டை அடுத்த வருடம் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ஆறாவது படிக்கிற மகள் ஒருத்தி. இதையெல்லாம் அவள் இரண்டு நிமிடத்தில், அழாமல், கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்தாள். அந்த வேலை கிடைத்தால் இருக்க ஒரு வீடும் உண்டு, மகளின் படிப்பும் தொடரும். கிடைக்காவிட்டால் இரண்டும் போகும்.

மேனேஜர் ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டார். "மெம்பர் கார்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கலா, நீங்க பாருங்க" என்றார்.

பதினாறு கிலோமீட்டர், நான்கு மணி நேரம். மணிக்கு நான்கு கிலோமீட்டர். மலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஒரு திமிர் உண்டு. மேடு ஏறுகிறவனுக்குச் சமதரை ஒரு பொருட்டே இல்லை என்று நாங்கள் எல்லோரும் நம்புகிறோம். இவள் விழுந்திருக்கிறாள் என்றால் ஸ்டாமினா இல்லை, அவ்வளவுதான் என்று நான் அந்த நாற்காலியிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

2. ஐம்பத்தெட்டு

ஃபிட்னெஸ் என்பதை ஒரே பொருளாக நினைத்துக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். எங்கள் படிப்பில் அதை ஐந்தாகப் பிரிப்போம். இதயமும் நுரையீரலும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கார்டியோ எண்டூரன்ஸ். ஒரே தடவையில் எவ்வளவு பளு தூக்க முடியும் என்பது ஸ்ட்ரெங்த். அதே வேலையைத் தசை எத்தனை முறை திரும்பச் செய்யும் என்பது மஸ்குலர் எண்டூரன்ஸ். மூட்டு எவ்வளவு வளையும் என்பது ஃப்ளெக்சிபிலிட்டி. உடம்பில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்பது பாடி காம்போசிஷன். ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பவர் இன்னொன்றில் சைபராக இருக்கலாம்.

தவமணிக்கு ஐந்தையும் சோதித்தேன். கழுத்தும் தோளும் இறுகிப்போயிருந்தன, தலையில் மூட்டை சுமக்கிறவர்களுக்கு அது இருக்கும். மற்றதையெல்லாம் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. ரெஸ்டிங் ஹார்ட் ரேட் பார்க்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினேன். காலையில் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கட்டைவிரலை வைக்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு. மூன்று நாள் எண்ணிக்கொண்டு வந்தாள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. எங்கள் ஜிம்மில் பத்து வருடமாக ஓடுகிறவர்களுக்கே அறுபதுக்கு மேல்தான் இருந்தது.

பிறகு ஸ்டெப் டெஸ்ட். மூன்று நிமிடம் பெஞ்சில் ஏறி இறங்கச் சொன்னேன். முடித்து ஒரு நிமிடத்தில் மூச்சு சமநிலைக்கு வந்துவிட்டது. இதற்கு ரிக்கவரி என்று பேர். எண்டூரன்ஸ் நன்றாக இருப்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

இப்படிப்பட்ட உடம்பு பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஏன் விழுந்தது? அந்த இடத்தில் நான் அவளை உட்கார வைத்து, 'அன்னைக்கு என்ன சாப்பிட்டே, என்ன குடிச்சே, விழறதுக்கு முன்னாடி என்ன ஆச்சு' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

ப்ரோக்ரெஸிவ் ஓவர்லோட் என்று ஒரு கொள்கை. உடம்புக்குப் பழகியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, வாரத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மட்டும் ஏற்றிக்கொண்டே போவது. அதன்படி ஒரு சார்ட் எழுதினேன். வேலை முடிந்து வாரம் மூன்று நாள் கட்டபெட்டு ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை என்னோடு நீண்ட நடை. ஆரம்பத்தில் பத்து நிமிடம் வார்ம்-அப், முடிவில் கூல் டவுன், ஸ்ட்ரெட்ச்சிங். வேகத்துக்கு டாக் டெஸ்ட்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவள் கட்டபெட்டு ஏற்றத்தில் பாடவே செய்தாள். எனக்குத்தான் பேச முடியவில்லை.

மேனேஜர் மட்டும் அவ்வப்போது சார்ட்டை எட்டிப் பார்ப்பார்.

"ஏனுங்க கலா, பரீட்சை கீழதானுங்களே நடக்குது? எங்கூரு ரோடு வேற, வெயிலு வேற. ஒருக்கா கீழ கூட்டிட்டுப் போய் நடக்க வெச்சுப் பாத்தா என்னங்க?"

"சார், இந்த ஏத்தத்தை ஏறறவளுக்கு உங்கூரு ரோடு எந்த மூலைக்கு?"

"அதுஞ்செரிதான். படிச்சவிங்க சொல்றீங்க" என்று போய்விட்டார். அவர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

3. உடைக்காத மூடி

ஒன்பது வாரம் கழித்து, மார்ச்சில் ஒரு ஞாயிறு, மேனேஜரின் தொந்தரவு தாங்காமல் முதல் பஸ்ஸில் கீழே இறங்கினோம். காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. மேனேஜர் மொபெட்டில் பக்கத்திலேயே வந்தார். முதல் மூன்று கிலோமீட்டர் நானும் நடந்தேன். பிறகு கூச்சப்படாமல் மொபெட்டின் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஆறாவது கிலோமீட்டரில் தவமணி, "முன்னங்கால் எரியுதுங்க மிஸ்" என்றாள். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம். ஷின் என்போம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலைப்பாதையில் ஒரு அடி போல் இன்னொரு அடி இருக்காது. ஏறும்போது ஒரு தசை, இறங்கும்போது வேறொரு தசை, வளைவில் இன்னொன்று என்று மாறி மாறி ஓய்வு கிடைத்துவிடும். நேர் ரோட்டில் அதே தசை அதே வேலையை ஆயிரம் ஆயிரம் தடவை செய்ய வேண்டும். ஸ்பெசிஃபிசிட்டி என்று இதற்குப் பாடமே இருக்கிறது. எதற்குத் தயாராகிறோமோ அதையே செய்து பழக வேண்டும் என்பது அதன் பொருள். கல்லூரியில் அதை விளக்கி எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். கோயமுத்தூர் கல்லூரியில் படித்ததைக் குன்னூரில் மறந்துவிட்டேன்.

ஒன்பதரை மணிக்கே வெயில் தலையில் இறங்கியது. பதினொன்றாவது கிலோமீட்டரில் அவள் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிடக் கால் அவளை உட்கார வைத்தது என்பதுதான் சரி. கெண்டைக்கால் தசை சுருண்டு கல்லாக இருந்தது. பாதத்தை மடக்கிப் பிடித்து மெதுவாக நீட்டிவிட்டேன். உதடு வெடித்திருந்தது. அத்தனை வெயிலில் நடந்தவள் முகத்தில் வேர்வை அதிகம் இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றினால்தான் அப்படி வேர்வை நிற்கும், அதைப் பார்த்துத்தான் பயந்தேன். அவள் இடுப்புப் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். மூடியின் சீலே உடைபடவில்லை.

பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும். "கிலோமீட்டருக்கு ரெண்டு வாய் குடின்னு சொன்னேனா இல்லையா? நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசிட்டிருந்தேன்? ஒம்பது வாரம் என் உசுரை எடுத்துட்டு, மூடியைக்கூடத் தொறக்கலையே!"

"மெதுவாங்க கலா" என்றார் மேனேஜர்.

"குடிக்க ஏலாதுங்க மிஸ்" என்றாள் தவமணி.

"ஏன் ஏலாது?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். மனிதர் உடனே புரிந்துகொண்டு, "வண்டி டயர்ல காத்து கொறஞ்சாப்ல இருக்குது" என்று சொல்லிக்கொண்டு இருபதடி தள்ளிப் போய் மொபெட்டுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டார்.

"குடிச்சா போகணுமே மிஸ்" என்றாள் மெதுவாக. "கொழுந்து மலையில எங்க போறது? சுத்தி ஆம்பளைங்க நிப்பாங்க. கீழச் சரிவுக்குப் போனா காட்டெருமை. லயத்துக்கு ஓடிட்டு வந்தா கொழுந்து எடை கொறஞ்சிடும், ஏசுவாங்க. காலையில ஒரு டீ குடிக்கிறதோட சரி. பொறகு சாயந்தரம் ஊட்டுக்கு வந்துதான் தண்ணி. எங்க மலையில எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான். எனக்குப் பதினேழு வருசப் பழக்கம். இப்ப நீங்க குடின்னா தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"போன பரீட்சையிலயும் குடிக்கலையா?"

"இல்லீங்க. ரோட்டுல எங்க போறது?"

எங்கள் ஜிம் சுவரில் ஹைட்ரேஷன் என்று தலைப்புப் போட்டு, எப்போது எவ்வளவு குடிக்க வேண்டும் என்று நானே என் கையால் எழுதி ஒட்டிய சார்ட் இருக்கிறது. அத்தனை வருடமாக அதன் கீழே நின்று வகுப்பு எடுத்திருக்கிறேன். குடித்த தண்ணீருக்கு அப்புறம் என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்குப் பத்தடியில் டைல்ஸ் போட்ட பாத்ரூம் இருந்தது, அதனால் யோசிக்கவில்லை. மலைக் குளிரில் அவள் எப்படியோ சமாளித்துவந்தாள், ஞாயிறுதோறும் கூட நடந்த நானும் கவனிக்கவில்லை. இந்த வெயில் விடவில்லை. அவள் விழுந்தது ஸ்டாமினா இல்லாமல் அல்ல.

"என்னை மன்னிச்சுரு தவமணி. இது மொத நாளே கேட்டிருக்கணும்" என்றேன்.

அவள் பதறிப்போய், "ஐயோ, மிஸ்ஸுக்கு என்னா தெரியும்! நாங்க இதையெல்லாம் வெளிய சொல்றதில்லீங்களே" என்றாள். குற்றம் சாட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எனக்குச் சமாதானம் சொன்னதுதான் தாங்கவில்லை. நடைத் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

4. தார்ப்பாய்

பதினேழு வருடமாகத் தண்ணீரை மறுத்த உடம்பை ஒரே நாளில் மாற்ற முடியாது. தேர்வு நாளன்று மட்டும் மடமடவென்று குடித்தால் வயிறு புரட்டும். தினமும், வேலை நேரத்திலும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழக வேண்டும். அப்படியானால் வேலை செய்கிற இடத்தில் ஒதுங்க ஒரு மறைப்பு வேண்டும். பயிற்சித் திட்டத்தின் முதல் வரி கக்கூஸ். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

விஷயத்தை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். "பேட்மின்டன் கோர்ட்ல மழைக்கு மூடற தார்ப்பாய் பழசு ஒண்ணு ஸ்டோர்ல கெடக்குதுங்க. பெரிய சைஸு. கமிட்டில சொல்லி வாங்கிக்கிறேன். எதுக்காச்சும் ஆகுங்களா?" என்றார். டயரில் காற்றுப் பார்த்த மனிதருக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கிறது. அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

தார்ப்பாயைச் சுமந்துகொண்டு எஸ்டேட்டுக்குப் போனோம். எடை போடுகிற ஷெட்டில் ஃபீல்டு ஆபீசர் இருந்தார். இளைஞர், நல்ல மாதிரியானவர்தான். நான் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். தவமணி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவளே சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள், ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அது... இன்னைக்கு உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களேம்மா" என்றார்.

"எல்லாருக்கும்தான் சார் கேக்குறேன். எனக்கு மட்டும்னா நான் கேட்டே இருக்க மாட்டேன்."

அவர் தராசை விட்டு எழுந்து வந்தார். பிறகு ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சமமான இடத்தைக் காட்டி, "இங்க கட்டிக்கோங்க. தண்ணி டிரம் ஒண்ணு வைக்கச் சொல்றேன். மேல யாராச்சும் கேட்டா நான் பேசிக்கறேன்" என்றார். குழி வெட்ட இரண்டு ஆட்களையும் அனுப்பினார். நாலு யூகலிப்டஸ் கம்பை நட்டு, தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினோம். அன்று மத்தியானம் அங்கே ஒரு வரிசை நின்றதைப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் தவமணியைவிட வயதில் மூத்தவர்கள்.

அதற்குப் பிறகு பயிற்சியை முழுக்க மாற்றினோம். ஏற்றத்தை நிறுத்தினேன். ஞாயிறுதோறும் கீழே போய் நேர் ரோட்டில் மட்டும் நடை. அடியை நீளமாக வைக்காமல் சின்னதாக, சீக்கிரமாக வைக்கச் சொன்னேன். ஷின் எரிச்சல் அடங்கியது. உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து பதினாலு நாளாவது வேண்டும் என்பதால், கடைசி இரண்டு வாரம் அவள் லீவு போட்டுவிட்டுக் காரமடையில் தங்க வேண்டியிருந்தது. "எங்க ஊடு இருக்குதுல்லீங்க" என்றார் மேனேஜர். மகளைப் பக்கத்து லயத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

தண்ணீர் போதுமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி சிறுநீரின் நிறம்தான். இளமஞ்சளாக இருந்தால் சரி, அடர்த்தியாக இருந்தால் போதவில்லை. தினமும் சாயந்தரம் போன் செய்து சொல்லச் சொல்லியிருந்தேன். முதல் இரண்டு நாள் வெட்கத்தில் குசுகுசுவென்று சொன்னாள். மூன்றாம் நாள், "மிஸ், இன்னைக்குக் கட்டன் சாயா போய் எலுமிச்சைச் சாறு வந்திருச்சு!" என்று சிரித்தாள். மேனேஜரின் மனைவி உப்புப் போட்ட மோரைச் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தார். வேர்வையில் தண்ணீர் மட்டுமல்ல, உப்பும் போய்விடுகிறது. அந்த அம்மாவுக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

வேகத்தையும் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை நிமிடம். அப்படி நடந்தால் கடைசியில் இருபது நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். "அதுல பத்து நிமிஷம் உனக்கு ஒதுங்கறதுக்கு. தேவைப்பட்டா தயங்காம எடுத்துக்கோ" என்றேன். அவள் தலையாட்டினாள். எடுத்துக்கொள்வாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுக்குள் பழகுவது வேறு, ஆயிரம் பேர் நிற்கிற ரோட்டில் செய்வது வேறு.

5. மூன்றாவது சுற்று

தேர்வு ஏப்ரலில், சமவெளியில் ஒரு மைதானத்தில் தொடங்கியது. அங்கிருந்து ரோட்டில் நாலு கிலோமீட்டர் சுற்று. நாலு முறை வர வேண்டும். கூட வந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கலாம். நானும் மேனேஜரும் காலை ஆறு மணிக்கே முன்வரிசையைப் பிடித்துவிட்டோம்.

முதல் சுற்றை ஐம்பத்து மூன்று நிமிடத்தில் முடித்தாள். இரண்டாவது சுற்று முடிவில் மொத்தம் ஒரு மணி நாற்பத்தெட்டு. சொல்லிவைத்ததுபோல வந்துகொண்டிருந்தாள். கையில் பாட்டில், பாதி காலி. எங்களைத் தாண்டும்போது அதைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். நான் கைதட்டினேன்.

மூன்றாவது சுற்று முடிகிற இடம்தான் பன்னிரண்டாவது கிலோமீட்டர். இரண்டு மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு வர வேண்டும். அவளோடு சேர்ந்து நடந்த மூன்று பெண்களும் வந்துவிட்டார்கள். அவள் இல்லை. நாற்பத்தைந்து. நாற்பத்தெட்டு. ஒரு பெண்ணை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். கயிற்றைத் தாண்டி ஓடிப்போய்ப் பார்த்தேன், வேறு யாரோ. அந்தப் பெண்ணின் முகம் தவமணியுடையதாக இல்லை என்பதில் வந்த நிம்மதிக்காகவே வெட்கப்பட்டேன்.

"போச்சு சார். இவளும் அங்கதான் எங்கியோ விழுந்து கெடக்கறா" என்றேன்.

"இருங்க கலா" என்றார் மேனேஜர். அவரும் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு மணி ஐம்பத்து மூன்றுக்கு அவள் திருப்பத்தில் தெரிந்தாள். விழவில்லை, நொண்டவில்லை. சின்னச் சின்ன அடியாக, அதே வேகத்தில் வந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. கயிற்றின்மேல் சாய்ந்துகொண்டு, "எங்கடி போனே?" என்று கத்தினேன்.

அவள் நிற்காமலே திரும்பினாள். விசில் வைத்திருந்த ஆபீசர்கள், நம்பர் எழுதுகிற போலீஸ்காரர்கள், கயிற்றை ஒட்டி நின்ற அண்ணன் தம்பிகள், அப்பாக்கள், இத்தனை பேர் காதிலும் விழும்படி, முழுத் தொண்டையில் பதில் சொன்னாள்.

"ஒண்ணுக்குப் போய்ட்டு வர்றேன் மிஸ்! பெட்ரோல் பங்க்ல கேட்டேன், சாவி குடுத்தாங்க!"

நாலு பேர் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவே இல்லை. பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். நான் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். ரிசல்ட்டுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மூன்று மணி நாற்பத்தேழு நிமிடத்தில் முடித்தாள்.

இப்போது அவள் ஃபாரஸ்ட் கார்டு. குவார்ட்டர்ஸ் கிடைத்து மகளோடு இருக்கிறாள். நன்றி சொல்ல இனிப்போடு வந்தபோது, நான்தான் அவளுக்கு நன்றி சொன்னேன். அவளுக்கு அது புரியவில்லை. புரியும்படி இங்கே எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு ரிட்டயராகும்வரை, புதிதாக வருகிறவர்களிடம் எடையும் உயரமும் கேட்பதற்கு முன் ஒன்று கேட்பேன்: "காலையில எந்திரிக்கறதுல இருந்து தூங்கற வரைக்கும் உங்க ஒரு நாளைச் சொல்லுங்க. எப்பத் தண்ணி குடிப்பீங்க, எங்க ஒதுங்குவீங்க?" முதலில் விழிப்பார்கள். பிறகு சொல்வார்கள். ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண், பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கிற அம்மா, ரோட்டில் டிராஃபிக் பார்க்கிற போலீஸ்காரி, வகுப்பு விட்டு வகுப்பு ஓடுகிற டீச்சர். எல்லோரும் தவமணி மாதிரியேதான் இருந்தார்கள். இவர்களெல்லாம் அதற்கு முன்பும் என் எதிரில் நின்று, நான் சொன்ன ரெப்ஸையும் செட்டையும் முடித்துவிட்டு, தலைவலியோடு வீட்டுக்குப் போனவர்கள்தான். நான் கேட்டதில்லை, அவர்கள் சொன்னதில்லை.

இந்த வேலைக்கு வருகிற நீங்களும் கேளுங்கள். முதல் தடவை வாய் கூசும். எனக்கும் கூசியது. அப்போதெல்லாம் அந்த ரோட்டில் அத்தனை ஆண்கள் நடுவில் அவள் கத்திச் சொன்னதை நினைத்துக்கொள்வேன். உடனே கேட்டுவிட முடிந்தது. அதற்காகத்தான் தவமணிக்கு என் நன்றி.